குவாண்டனாமோவுக்குப் போன வகுப்பறை

1992 மார்ச் மாதம் நியூயார்க்கின் புரூக்ளின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் அமெரிக்க அரசுமீது ஒரு வழக்குப் பதிவானது. மனுவைத் தயாரித்தவர்களில் பெரும்பாலோர் வக்கீல்கள் அல்ல, யேல் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி மாணவர்கள். அரசுத் தரப்பு கொதித்துப்போனது. அடிப்படையற்ற வழக்கு என்று சொல்லி, தொடுத்தவர்களைத் தண்டிக்கக் கோரியது. வழக்கை நடத்தத்தான் வேண்டுமென்றால் ஒரு கோடி டாலர் பிணைத்தொகை கட்டட்டும் என்றது. சட்டக் கல்லூரி மாணவர்களிடம் கோடி ஏது? பலரிடம் இருப்பது கல்விக்கடன்தான்.

அவர்கள் வழக்காடியது குவாண்டனாமோ கடற்படைத் தளத்தில் அடைபட்டிருந்த ஹெய்ட்டி அகதிகளுக்காக. ஒரு வல்லரசின் கடல் எல்லைக் கொள்கையை எதிர்த்து நிற்கும் வேலை ஏன் பரீட்சை எழுத வேண்டிய பிள்ளைகள் தலையில் விழுந்தது? அதற்கு நூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

1892இல் அமெரிக்க நாடாளுமன்றம் கியரி சட்டத்தைக் கொண்டுவந்தது. நாட்டில் இருக்கும் சீனத் தொழிலாளர்கள் அனைவரும் குடியிருப்புச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும்; இல்லாதவரை நாடு கடத்தலாம். சான்றிதழ் வாங்கத் தவறியவர், தான் முன்பிருந்தே இங்கு வசிப்பதாக நிரூபிக்க வெள்ளைக்காரர் ஒருவரைச் சாட்சிக்குக் கூட்டிவர வேண்டும். இதை எதிர்த்துச் சீனத் தொழிலாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1893இல் ஃபாங் யூ டிங் வழக்கில் நீதிமன்றம் கைவிரித்தது. நாடு கடத்துவது தண்டனை அல்ல, நிர்வாக நடவடிக்கைதான் என்றது.

அந்த ஒரு வாக்கியத்தின் விலையைக் குடியேறிகள் இன்றுவரை கொடுத்துவருகிறார்கள். தண்டனை இல்லை என்றால் அது குற்றவியல் வழக்கும் இல்லை. குற்றவியல் வழக்கும் இல்லை என்றால் குற்றம்சாட்டப்பட்டவருக்கு உள்ள பாதுகாப்புகளும் இல்லை. 1963இல் கிடியன் வழக்கில், குற்றம்சாட்டப்பட்ட வசதியற்றவருக்கு அரசே வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தபோதும் குடியேற்ற நீதிமன்றத்தின் கதவு திறக்கவில்லை. கடையில் பொருள் திருடி மாட்டியவருக்கு அரசுச் செலவில் வக்கீல் உண்டு. சொந்த ஊருக்கு அனுப்பினால் கொன்றுவிடுவார்கள் என்று அழுகிறவருக்குக் கிடையாது. 1952ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் இதை எழுத்தாகவே வைத்திருக்கிறது: வக்கீல் வைத்துக்கொள்ளலாம், அரசுக்குச் செலவில்லாமல்.

அந்த 1893ஆம் ஆண்டிலேயே இன்னொன்றும் நடந்தது. பிலடெல்ஃபியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகச் சட்ட மாணவர்கள் ஏழைகளுக்கு இலவச ஆலோசனை தர ஒரு மையம் தொடங்கினார்கள். இலவச மருந்தகத்தைப் பார்த்துப் பெயரையும் அப்படியே 'சட்ட மருந்தகம்' என்று வைத்துக்கொண்டார்கள். 1904இல் டென்வர், 1913இல் ஹார்வர்ட் என்று இது பரவியது. ஆனால் பேராசிரியர்கள் இதைப் பாடமாக மதிக்கவில்லை. பழைய தீர்ப்புகளைப் படித்து அலசுவதே சட்டக்கல்வி என்ற பிடிவாதம் அங்கே பலமாக இருந்தது. 1933இல் ஜெரோம் ஃபிராங்க் என்ற வழக்கறிஞர் ஒரு கட்டுரையில் கேட்டார்: மருத்துவ மாணவன் நோயாளியைப் பார்த்துத்தானே கற்கிறான், சட்ட மாணவன் மட்டும் ஏன் கட்சிக்காரரின் முகத்தையே பார்க்காமல் பட்டம் வாங்குகிறான்? கேள்வி நல்ல கேள்விதான். பதில் வர முப்பத்தைந்து வருடம் ஆயிற்று. 1968இல் ஃபோர்டு அறக்கட்டளை பணம் கொடுத்து ஓர் அமைப்பை உருவாக்கிய பிறகே, மாணவர்கள் உண்மையான வழக்குகளை நடத்திக் கற்கும் சட்ட கிளினிக்குகள் கல்லூரிதோறும் முளைத்தன. காசு வந்தால் கொள்கையும் மாறும்.

முதலில் அவை வாடகைத் தகராறு, விவாகரத்து, உதவித்தொகை வழக்குகளைத்தான் பார்த்தன. 1980இல் அகதிகள் சட்டம் வந்தது. தஞ்சம் கோருவதற்கு முதன்முறையாக ஒழுங்கான சட்டவழி பிறந்தது. எல் சால்வடோர், குவாத்தமாலா, நிகராகுவா என்று மத்திய அமெரிக்கா பற்றி எரிந்துகொண்டிருந்த காலம் அது. ஹார்வர்டில் 1984இல் குடியேறிகளுக்கென்றே தனி கிளினிக் வந்தது. ஆனால் சட்ட கிளினிக் என்ற பெயரை நாடறியச் செய்தது ஹெய்ட்டி வழக்குதான்.

1991 செப்டம்பர் முடியும்போது ஹெய்ட்டியில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அதிபர் அரிஸ்டீட் பதவியேற்று எட்டு மாதம்கூட ஆகவில்லை. அவருடைய ஆதரவாளர்கள் வேட்டையாடப்பட்டார்கள். கிடைத்த மரக்கலத்தில் ஏறி மக்கள் கடலில் இறங்கினார்கள். அமெரிக்கக் கடலோரக் காவல் படை அவர்களை நடுக்கடலிலேயே மறித்து, கியூபாவில் தனக்கிருந்த குவாண்டனாமோ தளத்துக்குக் கொண்டுபோனது. அங்கே அதிகாரிகள் ஒவ்வொருவரையும் விசாரித்தார்கள். 'நம்பத்தகுந்த அச்சம்' இருப்பதாகத் தெரிந்தால் அமெரிக்கா போய்த் தஞ்சம் கோரலாம். இல்லையென்றால் திரும்பவும் ஹெய்ட்டி. இந்த 'நம்பத்தகுந்த அச்சம்' என்ற அளவுகோலை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது; ஒரு தமிழர் கதையில் அது திரும்ப வரும்.

முதல் வடிகட்டலில் சுமார் பத்தாயிரம் பேர் தேறினார்கள். தேறியவர்களுக்கு ரத்தப் பரிசோதனை நடந்தது. எச்ஐவி தொற்று உள்ளவர் அமெரிக்காவுக்குள் நுழைய அப்போது தடை இருந்தது. 1987இல் வந்த அந்தத் தடை 2010இல்தான் நீங்கியது. தொற்று உள்ளவர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் 'கேம்ப் பல்கிலி' என்ற தனி முகாமில் அடைத்தார்கள். இவர்களுக்கு மட்டும் இரண்டாவது விசாரணை வைத்தார்கள், வக்கீல் துணை இல்லாமல். அச்சம் உண்டு என்று அரசே ஒருமுறை ஒப்புக்கொண்ட மனிதர்கள் அவர்கள்.

இதை எதிர்த்துத்தான் யேல் மாணவர்கள் கிளம்பினார்கள். அவர்களின் லோவன்ஸ்டைன் மனித உரிமை கிளினிக்கை நடத்தியவர் ஹெரால்ட் கோ. கொரிய வம்சாவளி. அவருடைய தந்தை வாஷிங்டனில் தென்கொரியத் தூதரக அதிகாரியாக இருந்தவர். 1961 ராணுவப் புரட்சிக்குப் பின் நாடு திரும்ப முடியாமல் போனவர். ஆட்சிக்கவிழ்ப்பு என்றால் என்னவென்று கோ குடும்பத்துக்குப் புத்தகம் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை. இன்னொரு விஷயம், கோ ரீகன் ஆட்சியில் நீதித்துறையில் வேலை பார்த்தவர். எதிர்முகாமின் வழிமுறைகள் அவருக்கு அத்துப்படி. உடன் நின்றவர் அரசியல் சட்ட உரிமை மையத்தின் மைக்கேல் ராட்னர். பெரிய தனியார் வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றும் கட்டணம் வாங்காமல் கைகொடுத்தது.

நிலைமை சாதகமாக இல்லை. மயாமியில் ஹெய்ட்டி அகதிகளுக்காக வேறு வழக்கறிஞர்கள் நடத்திய வழக்கு ஏற்கெனவே தோற்றிருந்தது. புரூக்ளின் நீதிபதி ஸ்டெர்லிங் ஜான்சன் அதற்கு முந்தைய வருடம்தான் அதிபர் ஜார்ஜ் புஷ்ஷால் நியமிக்கப்பட்டவர். முன்னாள் போலீஸ்காரர், போதைப்பொருள் வழக்குகளில் பேர்போன அரசு வழக்கறிஞர். மாணவர்களுக்கு நம்பிக்கை தரும் ஜாதகம் இல்லை. ஆனால் அவர் மாணவர்கள் சொன்னதைக் கேட்டார். 1992 ஏப்ரலில் இடைக்காலத் தடை போட்டார்: வக்கீலைச் சந்திக்க விடாமல் இரண்டாவது விசாரணை நடத்தக் கூடாது.

அரசு சளைக்கவில்லை. 1992 மே 24 அன்று, கென்னபங்க்போர்ட்டில் உள்ள தன் கடலோர வீட்டிலிருந்து அதிபர் புஷ் ஓர் ஆணை வெளியிட்டார். இனி விசாரணையே கிடையாது. நடுக்கடலில் பிடிபடும் ஹெய்ட்டியர் எவரானாலும் நேரே ஹெய்ட்டிக்குத் திருப்பி அனுப்பு. ஒரே மாணவர் கூட்டம் இப்போது இரண்டு வழக்குகளை இழுக்க வேண்டியதாயிற்று: முகாமில் அடைபட்டவர்களுக்காக ஒன்று, கடலில் மறிக்கப்படுபவர்களுக்காக இன்னொன்று.

தேர்தல் பிரசாரத்தில் இந்த ஆணையைக் கண்டித்த பில் கிளிண்டன், வெற்றிபெற்ற பிறகு பதவியேற்பதற்கு முன்பே பேச்சை மாற்றினார். ஆணை தொடரும் என்று அறிவித்தார். முகாமில் இருந்தவர்களுக்கு இது பேரிடி. 1993 ஜனவரி கடைசியில் அவர்கள் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். யேல் மாணவர்களும் பட்டினி கிடந்தார்கள். பிறகு வேறு கல்லூரிகள் முறைபோட்டு அதைத் தொடர்ந்தன. அந்த ஆண்டு ஆஸ்கர் மேடையில் சூசன் சரண்டனும் டிம் ராபின்ஸும் விருது அறிவிக்க வந்த இடத்தில் இந்த அகதிகளைப் பற்றிப் பேசினார்கள். விழா ஏற்பாட்டாளர்களுக்கு அது பிடிக்கவில்லை என்பதைச் சொல்லவே வேண்டாம்.

முகாம் வழக்கின் முழு விசாரணை 1993 மார்ச்சில் நடந்தது. அங்கே வாழ்க்கை எப்படி இருந்தது என்பது நீதிமன்றப் பதிவிலேயே உள்ளது. சுற்றிலும் சவரக்கத்தி முள்கம்பி. மழைச்சாரல் உள்ளே அடிக்காமல் இருக்கக் குடிசைச் சுவர்களில் பிளாஸ்டிக் குப்பைப் பைகளைக் கட்டினார்கள். ராணுவக் கட்டில்களுக்கு நடுவே படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டு மறைப்பு செய்துகொண்டார்கள். நோய் முற்றியவர்களுக்கு இங்கே சிகிச்சை தர வசதியில்லை என்று ராணுவ மருத்துவர்களே மேலிடத்துக்குச் சொல்லியும் பயனில்லை. அரசு இதை மனிதாபிமான முகாம் என்று அழைத்தது. ஜூன் 8 அன்று தீர்ப்பளித்த ஜான்சன், இது எச்ஐவி சிறை முகாம் என்று எழுதினார். அனைவரையும் விடுவிக்க உத்தரவிட்டார். குவாண்டனாமோவில் இருப்பவர்களுக்கும் அமெரிக்க அரசியல் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் அடித்தளம். அந்த மாதமே முகாம் காலியானது.

அதே மாதம் 21ஆம் தேதி கடல் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மாணவர்கள் தோற்றார்கள். உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு அகதியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற 1951 அகதிகள் உடன்படிக்கை, அமெரிக்க எல்லைக்கு வெளியே ஆழ்கடலில் செல்லாது என்றார் நீதிபதி ஸ்டீவன்ஸ். பிளாக்மன் ஒருவர் மட்டும் மாறுபட்டார்.

நடுக்கடலில் மறிக்கப்பட்டால் அகதிக்கு என்ன உரிமை என்ற கேள்வி ஹெய்ட்டியோடு முடியவில்லை. 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட படகில் 157 தமிழர்கள் இருந்தார்கள். ஆஸ்திரேலியக் கடற்காவல் கப்பல் அவர்களை மறித்து, ஏறக்குறைய ஒரு மாதம் கடலிலேயே வைத்திருந்தது. அது சட்டத்துக்கு உட்பட்டதுதான் என்று 2015 ஜனவரியில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்று தீர்ப்பளித்தது.

யேல் கதையில் பலர் கவனிக்காமல் விடும் பகுதி இனிமேல்தான் வருகிறது. ஜான்சன் தீர்ப்பை எதிர்த்து அரசு மேல்முறையீடு போயிருக்கலாம். போனால், விடுதலையாகி வந்த நோயாளிகளின் கதி மறுபடி அந்தரத்தில் தொங்கும். அரசு ஒரு பேரம் பேசியது: மேல்முறையீட்டைக் கைவிடுகிறோம், பதிலுக்குத் தீர்ப்பை ஏட்டிலிருந்து ரத்து செய்ய ஒப்புக்கொள்ளுங்கள். கட்சிக்காரர்களின் உயிரா, வருங்கால வழக்குகளுக்கான முன்னுதாரணமா? வக்கீல் தர்மப்படி இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஒப்புக்கொண்டார்கள். தீர்ப்பு ரத்தானது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2002 ஜனவரியில், அதே குவாண்டனாமோவில் பயங்கரவாதச் சந்தேகத்தில் பிடிபட்ட புதிய கைதிகள் வந்து இறங்கியபோது, அங்கே அரசியல் சட்டம் பொருந்தும் என்று காட்டக் கையில் தீர்ப்பு இல்லை. மைக்கேல் ராட்னரின் அமைப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கி, 2004இல் ரசூல் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் வென்றது. அரசு 1993இல் விட்டுக்கொடுத்தது போல் தெரிந்தது. உண்மையில் கெட்டிக்காரத்தனமாக வாங்கிக்கொண்டது.

பெரிய வழக்குகளைப் பேசும்போது கிளினிக்கின் அன்றாட வேலை மறைந்துவிடுகிறது. புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் இதைக் 'கேஸ் எழுதுவது' என்பார்கள். ஒரு சின்ன அறை, ஒரு மேசை, கட்சிக்காரர், மொழிபெயர்ப்பாளர், இரண்டு மாணவர்கள், கண்காணிக்கும் பேராசிரியர். ஒருவர் வாழ்க்கையில் நடந்த மிக மோசமான நாளை மணி வாரியாகக் கேட்க வேண்டும். போலீஸ் வந்தது கோடைக்கு முன்பா, பின்பா? கதவை உதைத்தவர் சீருடையில் இருந்தாரா? பிரமாணப் பத்திரத்தில் ஒரு தேதி தப்பினால் அரசு வக்கீல் அதை வைத்தே பொய்யர் என்று நிறுவிவிடுவார். பிறகு அந்த நாட்டு நிலவரம் பற்றிய அறிக்கைகள், மருத்துவர் சான்று, நிபுணர் சாட்சியம் என்று நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேரும். விசாரணைக்கு முன் கல்லூரியிலேயே ஒத்திகை நடக்கும். பேராசிரியரின் பொறுப்பில் மாணவரே நீதிமன்றத்தில் எழுந்து வாதாடலாம் என்று விதி இருக்கிறது.

இதில் ஒரு குறையும் உண்டு. வழக்கு நடப்பது ஆண்டுக் கணக்கில், மாணவர் இருப்பது செமஸ்டர் கணக்கில். ஒரு குழு போனால் அடுத்த குழு. கட்சிக்காரர் தன் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

இப்படிப்பட்ட மேசை ஒன்றிலிருந்து நாடு முழுவதற்கும் முன்னுதாரணமான வழக்கும் பிறந்தது. 1994 டிசம்பரில் டோகோ நாட்டுப் பெண் ஃபௌசியா கசிஞ்சா நியூஜெர்சியின் நுவார்க் விமான நிலையத்தில் இறங்கினார். வயது 17. பிறப்புறுப்புச் சிதைப்புக்கும் கட்டாயத் திருமணத்துக்கும் தப்பி ஓடிவந்தவர். இறங்கியதும் நேராகச் சிறை. ஒரு வழக்கறிஞரின் அலுவலகத்தில் உதவியாளராக இருந்த அமெரிக்கன் பல்கலைக்கழக மாணவி லைலி மில்லர் பஷீர் அவருக்காக வாதாடினார். குடியேற்ற நீதிபதி நம்பவில்லை, மனு தள்ளுபடியானது. மாணவி விடாமல் தன் கல்லூரி கிளினிக்குக்கு வழக்கைக் கொண்டுபோனார். அங்கிருந்த வழக்கறிஞர் கேரன் முசாலோ பொறுப்பேற்றார். 1996 ஜூன் 13 அன்று குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் தஞ்சம் அளித்தது. பெண் என்பதற்காகவே நடக்கும் கொடுமையும் தஞ்சத்துக்குக் காரணமாகலாம் என்பதற்கு அது கட்டுப்படுத்தும் முன்னுதாரணம் ஆனது. அதிகாரிகள் அவர் பெயரைத் தப்பாக எழுதியதால் சட்டப் புத்தகங்களில் இன்றும் அது 'கசிங்கா' வழக்கு.

அதே 1996இல் நாடாளுமன்றம் எதிர்த்திசையில் நடந்தது. அரசு நிதி வாங்கும் சட்ட உதவி அமைப்புகள் ஆவணமற்ற குடியேறிகளின் வழக்குகளை எடுப்பதற்கு முன்பிருந்த தடையை, வெளியாரிடம் வாங்கும் பணத்துக்கும் நீட்டித்தார்கள். கூட்டு வழக்குகளும் தடையாயின. பல்கலைக்கழக கிளினிக்குகளுக்கு அந்தக் கட்டு இல்லை. சுமை அவற்றின்மீது இன்னும் ஏறியது. அந்த ஆண்டே இன்னொரு சட்டம் எல்லையில் உடனடி வெளியேற்றத்தைக் கொண்டுவந்தது. தப்ப ஒரே வழி அதிகாரியிடம் 'நம்பத்தகுந்த அச்சம்' காட்டுவது. ஹெய்ட்டியர்மீது கடலில் பழகிய அளவுகோல், சட்டமாகிக் கரையேறியது.

அதில் சிக்கியவர்களில் ஒருவர் விஜயகுமார் துரைசிங்கம், இலங்கைத் தமிழ் விவசாயி. 2017இல் மெக்சிகோ எல்லையைக் கடந்து சுமார் 23 மீட்டர் உள்ளே வந்தபோது பிடிபட்டார். ஊரில் ஆட்கள் தன்னைக் கடத்திப்போய்க் கட்டையால் அடித்ததாகச் சொன்னார். யார், எதற்காக என்று தெரியாது என்றார். அதிகாரி அவர் சொன்னதை நம்பினார், ஆனாலும் தகுதியில்லை என்று எழுதினார். வேனில் வந்து ஆளைத் தூக்குவது என்றால் இலங்கைத் தமிழருக்கு விளக்கம் வேண்டாம். அமெரிக்க அதிகாரிக்கு வேண்டும். அந்த விளக்கத்தை எடுத்துச் சொல்லத்தான் வக்கீல். அமெரிக்க சிவில் உரிமைச் சங்கத்தின் வழக்கறிஞர்கள் பிறகு அவருக்காக உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2020 ஜூன் 25 அன்று ஏழுக்கு இரண்டு என்று தோல்வி.

வக்கீல் இருந்தால் என்ன வித்தியாசம் வந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு எண்கள் இருக்கின்றன. ஜார்ஜ்டவுன் கிளினிக்கின் ஃபிலிப் ஷ்ராக் உள்ளிட்ட மூவர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், வக்கீல் உள்ளவர்களில் 45.6% பேர் தஞ்சம் பெற்றார்கள், இல்லாதவர்களில் 16.3%. வலுவான வழக்குக்கு வக்கீல் எளிதில் கிடைப்பார் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்தான். ஆனாலும் நியூயார்க் நிலவரத்தைப் பாருங்கள். நீதிபதி ராபர்ட் காட்ஸ்மன் முயற்சியில், கார்டோசோ சட்டக் கல்லூரி கிளினிக்கின் உழைப்போடு 2011இல் வந்த ஆய்வில், காவலில் இல்லாமல் வெளியே இருந்து, வக்கீலும் வைத்திருந்தவர்களில் 74% பேருக்கு வழக்கு சாதகமாக முடிந்திருந்தது. சிறைக்குள் வக்கீல் இல்லாமல் இருந்தவர்களில் 3% பேருக்கு.

அந்த எண்களைக் கண்ட நியூயார்க் மாநகர மன்றம் 2013இல் 5 லட்சம் டாலர் ஒதுக்கி, காவலில் உள்ள குடியேறிகளுக்கு இலவச வக்கீல் திட்டம் தொடங்கியது. சிறைப்பட்டவர்களின் வெற்றி விகிதம் 4 சதவீதத்திலிருந்து 48 சதவீதமாக உயரும் என்று பின்னர் வந்த மதிப்பீடு கணித்தது. மாணவர்களின் கிளினிக் செய்த மிகப் பெரிய காரியம், அந்த வேலையை அரசே காசு கொடுத்துச் செய்ய வேண்டும் என்று நிரூபித்ததுதான்.

நாடு முழுக்க அந்த நிலை வரவில்லை. ஆகவே அமெரிக்காவில் தஞ்ச வழக்கு நடத்தும் உறவினர் உள்ள வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. நாட்டுக்குள் வந்த ஓராண்டுக்குள் தஞ்ச மனு போட வேண்டும் என்பது 1996 முதல் உள்ள விதி, விதிவிலக்கு அரிது. குடியேற்ற நீதிமன்றம் கொடுக்கும் காகிதங்களோடு இலவச சட்ட உதவி தருபவர்களின் பட்டியலும் வரும். பல இடங்களில் பல்கலைக்கழக கிளினிக்குகள் அதில் இருக்கும். அவை பெரும்பாலும் செமஸ்டர் தொடக்கத்தில்தான் புதிய வழக்குகளை எடுக்கின்றன. காலம் தாழ்த்தாமல் கேட்கச் சொல்லுங்கள்.